ஒரு வருஷம் தள்ளி

அந்த லாண்டரியில் முக்கியமான பேச்சு எதுவும் உட்கார்ந்து நடந்ததில்லை. எல்லாம் படுக்கை விரிப்பு மடிக்கும்போதுதான். இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர், நடுவில் வெள்ளைவெளேர் என்று துணி. இரண்டு பேருக்கும் இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கும். கோபம் வந்தால் விருட்டென்று போய்விட முடியாது. தரை எப்போதும் ஈரம். கையை விட்டால் துணி விழும், விழுந்தால் முதலிலிருந்து துவைக்க வேண்டும். அதனால் எப்பேர்ப்பட்ட சண்டையாக இருந்தாலும் விரிப்பு மடிந்து அடுக்கில் ஏறிய பிறகுதான் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியும். அதற்குள் பாதிச் சண்டை ஆறிப்போய்விடும். லாண்டரிக்காரம்மாவின் குடும்பம் இத்தனை காலம் பிசகாமல் ஓடுவதற்கு இதுதான் காரணம் என்று அவள் புருஷன் வேன் ஓட்டப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

மகள் அந்த விஷயத்தைச் சொன்னதும் அப்படித்தான். அவளை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிறந்ததிலிருந்து நீராவியில் வளர்ந்த தலைமுடி எந்தச் சீப்புக்கும் அடங்காமல் போனதால் சுருட்டை என்பதே நிலைத்துவிட்டது. பள்ளிப் படிப்பு முடிந்து, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடுகிற நேரம். வனவியல் படிக்க வேண்டும் என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாள். ஓட்டல் விரிப்பு ஒன்றின் மறுமுனையில் நின்றுகொண்டு மெல்ல ஆரம்பித்தாள்.

"அம்மா, நான் இப்பவே விண்ணப்பம் போட்டுடறேன். ஆனா ஒரு வருஷம் தள்ளித்தான் சேரப் போறேன்."

"தள்ளின்னா?"

"இடத்தை வாங்கி வச்சுக்கிட்டு அடுத்த வருஷம் போறது. நிறையப் பேரு அப்படிப் பண்றாங்கம்மா."

"அந்த ஒரு வருஷம் என்னடி பண்ணுவே?"

சுருட்டை பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துத்தானா லாண்டரிக்காரம்மா துணியை உதற வேண்டும்? வலது கை மார்பு உயரத்துக்குப் போனது, அதற்கு மேல் போக மாட்டேன் என்று நின்றுவிட்டது. தோளுக்குள் யாரோ திருகாணியை முறுக்கியது மாதிரி ஒரு வலி. "ஐயோ" என்று அவள் கத்தியதும் விரிப்பு தொப்பென்று ஈரத்தில் விழுந்தது. மடிக்கிற நடுவில் துணி விழுந்தது அந்த லாண்டரியில் அன்றைக்குத்தான் முதல் தடவை.

தோள்மூட்டு இறுகிவிட்டது என்றார் டாக்டர். ஆபத்தில்லை, ஆனால் லேசில் விடாது, மாசக்கணக்கில் படுத்தும் என்றார். கையைத் தூக்கும் வேலை கூடாது. சுவரில் விரல்களை வைத்து எறும்பு ஏறுகிற மாதிரி ஏற்றி ஏற்றிப் பழக்க வேண்டும். லாண்டரிக்காரம்மா சுவரைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், இதற்கா பீஸ் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் இடத்தில் சுருட்டை நின்றாள். விடிந்ததும் ஓட்டல் மூட்டைகளைப் பிரித்துக் கறை பார்த்தாள், டிரையரிலிருந்து சூடான துணியை அள்ளி வந்தாள், அப்பா வேனை எடுக்கும்வரை அவரோடும் அதற்குப் பிறகு துவைக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் மெஷின்காரரோடும் விரிப்பு மடித்தாள். முகம் சுளிக்கவில்லை. அந்த ஒரு வருஷத்தில் என்ன செய்யப்போகிறாள் என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

வினையை இழுத்துவிட்டவர் மெஷின்காரர். ஒரு காலத்தில் சோப்புத்தூளை அளவில்லாமல் கொட்டி, நுரை வாசல் தாண்டித் தெருமுனைவரை போனதிலிருந்து அவருக்குப் பெயர் நுரை. பேச்சிலும் அதே அளவுதான்.

"குடுத்து வச்சவங்கக்கா நீங்க. எந்தப் பொண்ணு இந்தக் காலத்துல இப்படிச் செய்யும்?"

"எதைச் சொல்றே?"

"அதான், உங்க தோளுக்காகப் படிப்பையே ஒரு வருஷம் நிறுத்தி வைக்குதே. எனக்கும் இருக்குதே ஒண்ணு, நான் விழுந்து கிடந்தாலும் தாண்டிக்கிட்டுப் போகும்."

தோள் மாட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே மகள் அந்தப் பேச்சை எடுத்தாள் என்பது லாண்டரிக்காரம்மாவுக்கு நினைவிருந்தது. ஆனால் தோள் அதற்கும் முன்பிருந்தே முனகிக்கொண்டுதானே இருந்தது? ஜாக்கெட் போட முடியாமல் திணறும்போது மகள் வந்து கைநுழைத்து விட்டிருக்கிறாள். பெண் கவனித்திருப்பாள், கணக்குப் போட்டிருப்பாள், வெளியே சொல்லாமல் முடிவெடுத்திருப்பாள். நுரை சொல்வதுதான் சரி என்று அவள் மனசில் பதிந்துபோயிற்று.

ஒரு வருஷம் என்ற வார்த்தை அவளுக்கு ஆகாது. அதற்கு அவளுக்குச் சொந்தக் காரணம் இருந்தது. அவளும் ஒரு காலத்தில் படிக்கிற பெண்தான், அதுவும் நன்றாகப் படிக்கிற பெண். அவளுடைய அப்பாவுக்கு இடுப்பு விழுந்து படுத்த படுக்கையானபோது, "ஒரு வருஷம் பார்த்துக்கம்மா, அப்புறம் போயிடலாம்" என்றார்கள். யாரும் அவளை ஏமாற்றவில்லை, சொன்னவர்கள் எல்லாரும் மனசறிந்துதான் சொன்னார்கள். வருஷம் முடிந்தபோது வேலை முடியவில்லை. அதற்கடுத்த வருஷம் கல்யாணம். பிறகு புருஷனும் அவளுமாக இந்த லாண்டரியைப் பிடித்தார்கள். வாழ்க்கை ஒன்றும் மோசமில்லை. ஆனாலும் அந்த ஒரு வருஷம் இன்னும் முடிந்தபாடில்லை. தன் மகளுக்கும் அப்படி ஒரு வருஷம் வருவதற்குத் தான் காரணமாக இருப்பதை அவளால் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை.

ஆகவே அவள் குணமாகிவிட்டாள். மறுநாள் காலையிலேயே. டாக்டர் மாசக்கணக்கு என்றது இவளுக்கு ஒரு ராத்திரியோடு தீர்ந்துபோயிற்று.

"தள்ளுடி, நான் மடிக்கிறேன்."

"தோளு?"

"தோளுக்கென்ன? கல்லு மாதிரி இருக்கு."

கல்லு மாதிரி இருந்தது உண்மைதான், அசையாமல். அவள் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தாள். காலி சோப்புப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றுவிட்டால் துணி தரையில் படாது, கையை உயரத் தூக்க வேண்டியதில்லை. இடது கை வேலை செய்யும். வலது முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டு சும்மா பிடித்திருக்கும். பெட்டி எதற்கு என்று மகள் கேட்டதற்கு, "மழைக்குத் தரை சில்லுனு இருக்கு, காலு விறைக்குது" என்றாள். ஆனால் அம்மா மடித்த விரிப்பெல்லாம் வலது ஓரம் ஒரு விரற்கடை தொங்கிக்கொண்டு நின்றது. அம்மா அந்தப் பக்கம் போனதும் மகள் அவற்றைப் பிரித்து நுரையோடு மறுபடி மடித்து வைத்தாள். இதை லாண்டரிக்காரம்மா கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்துவிட்டாள். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஊரே நனைந்து வந்து ஓட்டல் துவாலைகளில் துடைத்துக்கொண்டது போல மூட்டை மூட்டையாய்த் துணி வந்தது. மத்தியானம் டிரையரின் மேல் சாப்பாட்டுப் பெட்டிகளைச் சூட்டுக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கே எதை வைத்தாலும் கொஞ்சம் சோப்பு வாசனை ஏறிவிடும். அந்த வீட்டு ரொட்டியும் அவித்த முட்டையும் என்றைக்கும் குளித்துவிட்டு வந்த மாதிரிதான் இருக்கும். புருஷன் முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். சுருட்டை உள்ளே மெஷினிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, கடைசித் தேதி வருதே. அவ விண்ணப்பம் போட்டாளா?"

"போட்டிருப்பா. அவ என்ன சின்னக் குழந்தையா?"

"ஒரு வருஷம் தள்ளிக் கேட்டா குடுப்பாங்களா? யாரும் எடுக்காத துணியை நம்ம என்ன பண்றோம்? கொஞ்ச நாள் அலமாரியில வச்சிருப்போம். அப்புறம் யாருக்காவது குடுத்துடறோம். சீட்டும் அதே மாதிரிதானே?"

"சீட்டும் பேன்ட்டும் ஒண்ணாயிடுமா?"

"சிரிக்காதீங்க. எல்லாம் என்னாலதான்."

"உன்னால என்ன?"

"உங்களுக்கு ஒண்ணும் புரியாது. சாப்பிடுங்க."

"அவகிட்டயே கேளேன். இல்லன்னா காலேஜ் ஆபீஸ்லயே கேளு. கேட்டாத்தானே தெரியும்" என்று அவர் முட்டையை வாயில் போட்டுக்கொண்டார். புத்திமதி சொல்லிவிட்ட திருப்தியோடு வேனை எடுத்துக்கொண்டு போனார்.

மகளிடம் கேட்கும் துணிச்சல் அவளுக்கு இல்லை. ஆமாம், உனக்காகத்தான் என்று மகள் சொல்லிவிட்டால் அதைக் கேட்டுக்கொண்டு எப்படி நிற்பது? அதனால் மறுநாள் காலை யாருமில்லாத நேரம் பார்த்து, தெருப்பக்கம் போய்க் குடைக்குள் நின்று பல்கலைக்கழகத்துக்கே போன் போட்டாள். எடுத்த பையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மேடம் திருப்பிக் கூப்பிடுவார்கள் என்றான். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து அவள் போனைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று மத்தியானமே அது அடித்தது. லாண்டரிக்காரம்மா சோப்புப் பெட்டியின்மேல் நின்றிருந்தாள். எதிரே சுருட்டை. நடுவில் ஓட்டலின் ஆகப் பெரிய விரிப்பு, இரண்டு கட்டிலுக்குச் சேர்த்துப் போடுகிற ரகம். கூரை ஒழுகி மேஜைக்குக் கீழே குளம் கட்டி நின்றது. போன் இஸ்திரி மேஜைமேல் கிடந்து துடித்தது.

"அக்கா, காலேஜுனு வருது!" என்றார் நுரை.

"விடு, அப்புறம் பேசிக்கலாம்."

"முக்கியமா இருக்கும்க்கா." நல்லது செய்கிற வேகத்தில் ஈரக் கட்டைவிரலால் எதையோ அழுத்தினார். ஒரு பெண்ணின் குரல் லாண்டரி முழுக்கக் கேட்டது.

"வணக்கம், சேர்க்கை அலுவலகத்திலேர்ந்து பேசறேன். காலையில கூப்பிட்டிருந்தீங்களாமே? உங்க பொண்ணு ஒரு வருஷம் தள்ளிச் சேர்றேன்னு கேட்டிருந்தா அதை அடிச்சுட்டு, இந்த வருஷமே சேருவான்னு எழுதிக்கச் சொன்னீங்களாம்."

விரிப்பு மறுமுனையில் விறைத்தது.

"அம்மா!"

லாண்டரிக்காரம்மாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இறங்கிப் போனை அணைக்கலாம் என்றால் கையில் துணி. மகளுக்கும் அதே கதி. நுரை மட்டும் இரண்டு கையும் சும்மா இருக்க, எதையும் தொடாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடிக்கறதுன்னா எனக்கு ஒண்ணுமில்லைம்மா" என்றது குரல். "ஆனா விண்ணப்பம் வந்தாத்தானே அடிக்க முடியும்? உங்க பொண்ணோடது இன்னும் வரவே இல்லையே."

இப்போது இந்த முனை விறைத்தது.

"போடலையாடி நீ?"

"போடறதுக்குத்தான்... எழுதி வச்சிருக்கேன்மா."

"நாளைக்குச் சாயங்காலத்தோட முடியுதும்மா" என்றது குரல். "பொண்ணு பக்கத்துலதான் இருக்காங்களா? நல்லதாப் போச்சு. கேட்டுக்கோங்க. ஒரு வருஷம் தள்ளிச் சேர்றதுல தப்பே இல்லை. எல்லாத் துறையும் ஒத்துக்காது, ஆனா வனவியல்ல ஒத்துக்குவாங்க. விண்ணப்பம் இந்த வருஷமே வந்துடணும், தள்ளிச் சேர்றேங்கறதையும் இப்பவே சொல்லிடணும். இடம் கிடைச்சா அது உங்களுக்காக ஒரு வருஷம் காத்திருக்கும்."

"வேற யாருக்கும் குடுத்துட மாட்டீங்களே?" என்று லாண்டரிக்காரம்மா துணிக்கு மேலாகக் கத்தினாள்.

"மாட்டோம்மா. ஆனா அந்த வருஷத்துல என்ன செய்யப் போறாங்கன்னு தெளிவா எழுதணும். என்னம்மா செய்யப் போறீங்க?"

சுருட்டை அம்மாவின் தோளைப் பார்த்தாள். அந்தப் பார்வை லாண்டரிக்காரம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. பயந்தபடியே ஆயிற்று, அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று ஊரறியச் சொல்லப்போகிறாள். அவள் முந்திக்கொண்டாள்.

"அவ வீட்ல நிக்க வேண்டிய அவசியமே இல்லைங்க. என் தோளு சரியாயிடுச்சு. எல்லா வேலையும் நானேதான் செய்யறேன். இதோ பாருங்க!" என்று வலது கையைத் தூக்கினாள்.

"போன்ல எங்கம்மா பார்க்கறது?" என்றது குரல்.

பார்த்தவள் சுருட்டை. அம்மாவின் கை பாதியில் நின்றதையும், உதட்டைக் கடித்ததையும், அப்படியும் துணியை விடாமல் பிடித்திருந்ததையும் பார்த்தாள்.

"மேடம், நான் சொல்றேன்" என்றாள். "மலைமேல ஒரு நாற்றுப்பண்ணை இருக்கு. காட்டுல நடறதுக்கு மரக்கன்னு வளர்க்கறாங்க. ஒரு வருஷத்துக்கு ஆள் கேட்டாங்க, தங்க இடமும் உண்டு. நான் எழுதிப் போட்டேன், வரச் சொல்லிட்டாங்க. விதை பொறுக்கறது, மண் கலக்கறது, மழை வந்ததும் கொண்டுபோய் நடறது, இதான் வேலை. மரத்தைப் பத்தி நான் படிச்சதெல்லாம் புஸ்தகத்துலதான் மேடம். பொறந்ததுலேர்ந்து இந்த நாலு சுவத்துக்குள்ள நீராவியிலேயே இருந்துட்டேன். படிக்கறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் வெளியில நின்னு வேலை செஞ்சு பார்க்கணும்னு ஆசை."

"இதையே எழுதுங்க" என்றது குரல். "இப்ப எங்கிட்டச் சொன்ன மாதிரியே எழுதுங்க, மாத்தாதீங்க. நாளைக்குச் சாயங்காலம், மறந்துடாதீங்க. அம்மா, உங்க தோளைப் பார்த்துக்கோங்க."

போன் அணைந்தது. நுரை தொண்டையைச் செருமிக்கொண்டு, பாய்லரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி நகர்ந்தார். பாய்லருக்கு ஒன்றும் ஆகவில்லை. செய்த காரியத்தின் அளவு அவருக்கே அப்போதுதான் தெரிந்திருந்தது.

இரண்டு பேரும் விரிப்பின் இரண்டு முனையில் அப்படியே நின்றார்கள்.

"மலைக்கா?" என்றாள் லாண்டரிக்காரம்மா.

"ஆமாம்மா."

"இங்க நிக்கப் போறதில்லையா?"

"இல்லம்மா. அன்னிக்கே சொல்ல வந்தேன், உனக்குத் தோளு பிடிச்சுக்கிச்சு. அப்புறம் எந்த வாயால சொல்றது? நீ இப்படிக் கிடக்கும்போது நான் மலைக்குப் போறேன்னு சொன்னா... அதான் விண்ணப்பத்தையும் அனுப்ப முடியல. அந்தப் பத்திக்கு வந்தா கை நின்னுடுது."

"அப்ப, இந்த ஒரு வருஷம் எனக்காக இல்ல?"

"உனக்காகவா? என்னம்மா சொல்றே?"

"என் தோளுக்காக, என்னைப் பார்த்துக்கறதுக்காக."

"ஐயையோ, இல்லம்மா."

"கொஞ்சம்கூடவா இல்ல?"

சுருட்டை தயங்கினாள். பொய் சொன்னால் அம்மாவுக்கு ஆறுதலாக இருக்குமோ என்று ஒரு நொடி யோசித்திருப்பாள் போல. பிறகு உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"கொஞ்சம்கூட இல்லம்மா."

லாண்டரிக்காரம்மாவுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. பெற்ற மகள், கொஞ்சம்கூட இல்லையாம். அதற்கு அடுத்த மூச்சிலேயே நெஞ்சுக்கூட்டை அழுத்திக்கொண்டிருந்த பாறாங்கல் உருண்டு போனது. அவளால் யாரும் நிற்கவில்லை. இது அவள் நின்றுபோன மாதிரியான வருஷம் இல்லை. மகள் போகிறாள், அதுவும் ஆசைப்பட்டுப் போகிறாள். லாண்டரிக்காரம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்காமல் கண்ணில் நீர் முட்டியது, மூக்கைத் துடைக்கக் கை இல்லை.

"மடிடி முதல்ல" என்றாள்.

மடித்தார்கள். சுருட்டை நடந்து வந்து அம்மாவின் கையிலிருந்த முனைகளையும் வாங்கிக்கொண்டாள். மீதியைத் தானே முடித்து அடுக்கில் வைத்தாள்.

"நான் போயிட்டா யாரும்மா மடிப்பா? அதான் எனக்குப் பெரிய கவலை."

"ஏன், நீ போனா லாண்டரியை இழுத்துப் பூட்டிடுவோமா? நுரையோட சம்சாரம் வேலை கேட்டு நச்சரிச்சுக்கிட்டு இருக்கா. அவ வந்தா இந்த ஆளு வாயையும் கொஞ்சம் மூடுவா. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

"மலையில குளிரும்மா."

"கம்பளி எடுத்துக்கிட்டுப் போ. அலமாரியில யாரும் எடுக்காத கம்பளி ரெண்டு கிடக்கு." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள், "வருஷம் முடிஞ்சதும் படிக்கப் போயிடுவேல்ல?"

"போயிடுவேன்மா."

"சத்தியமா?"

"சத்தியமா. அந்த மேடமே சொன்னாங்களே, இடம் கிடைச்சா காத்திருக்கும்னு."

லாண்டரிக்காரம்மா பெட்டியிலிருந்து இறங்கினாள். இறங்கியவள் நேராக அழுக்குத் துணி மூட்டையின்மேல் போய் உட்கார்ந்தாள். வலது கையை இடது கையால் ஏந்தி மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா... அம்மாடி..." என்று வாய்விட்டு முனகினாள். இத்தனை நாளும் பல்லைக் கடித்து உள்ளே அடைத்து வைத்திருந்த சத்தமெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

சுருட்டை பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"ரொம்ப."

"சரியாயிடுச்சுன்னியே?"

"எங்கடி சரியாச்சு? ராத்திரி புரண்டு படுக்க முடியல. நான் வலிக்குதுன்னு சொன்னா நீ நின்னுடுவியோன்னு பயந்துக்கிட்டு, எனக்கு நல்லா வலிக்கக்கூட விடல."

மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தைலம் எடுத்து வருகிறேன் என்று எழுந்தாள்.

"தைலம் கிடக்கட்டும்" என்றாள் லாண்டரிக்காரம்மா. "நீ முதல்ல போயி அந்த விண்ணப்பத்தை அனுப்பிட்டு வா. அதுவரைக்கும் நான் இங்கயே உட்கார்ந்து நிம்மதியா வலிச்சுக்கறேன்."